மூன்றாம் பாகத்தில் ஆதன் வரவில்லை

நீங்களும் அதைக் கேட்கத்தான் நிற்கிறீங்களா? கேட்காதீங்க. காலையிலிருந்து இந்த ஸ்டாலில் இதே கேள்வி. "ஆதன் ஏன் திரும்பி வரலை?" கையெழுத்து வாங்க வந்தால் வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே.

உட்காருங்கம்மா. வரிசை இப்போதைக்கு நகராது. அந்த நாற்காலி ஆடும். இந்தப் புத்தகக் கட்டு மேலே உட்காருங்க. ஒன்றும் ஆகாது, மூன்றாம் பாகம்தான், கெட்டி அட்டை.

அங்கே கையெழுத்துப் போடுகிறாளே பெனிட்டா, நான் அவளுக்கு அப்பா இல்லை. மாமனார். பெயர் சிகாமணி. தூத்துக்குடி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவன். கதை எனக்குப் பிடிக்காது. சின்ன வயசிலேயே பிடிக்காது. நடக்காததை நடந்ததுபோல் சொல்ல ஒரு புத்தகம், அதை வாங்க ஒரு கூட்டம். இதில் மூன்று பாகம் வேறு.

அவள் புருஷனா? என் மகன்தான். செல்வின். கடலில் இருக்கிறான். எங்கள் ஊரிலிருந்து மாலத்தீவுக்கு மரத்தோணியில் சரக்கு போகும். வெங்காயம், காய்கறி, ஜல்லி, இப்படி. அந்தத் தோணியில் போகிறவன். போவான், இறக்குவான், வருவான். இந்தத் தடவை தாமதம். அது கிடக்கட்டும். நீங்க கேட்டது கதை. கதையைச் சொல்லுதேன்.

அவன் கிளம்பிப் போன வருஷத்தில்தான் பெனிட்டா இதை ஆரம்பித்தாள். முதலில் நான் கவனிக்கவில்லை. பழைய காலண்டர் அட்டையைத் திருப்பிப் போட்டு ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். மலை, ஆறு, காடு. உப்பு விளைகிற ஒரு கடற்கரை. கடலுக்கு நடுவில் பென்சிலால் தேய்த்துத் தேய்த்துச் சாம்பலாக்கி வைத்திருந்தாள்.

"என்ன இது?" என்றேன்.

"ஒரு நாடு மாமா. நான் உண்டாக்குதேன்."

"இருக்கிற நாடு போதாதா?"

பென்சிலைச் சீவினாள்.

ஒரு வருஷம் இப்படியே போயிற்று. அந்த நாட்டுக்குப் பணம் எப்படி இருக்கும், பண்டிகை என்ன, கல்யாணத்தில் யார் யாருக்குச் சீர் செய்யணும், எல்லாம் யோசித்து வைத்தாள். பறவைகளுக்கு ஒரு பாஷை உண்டாக்கி, அதற்கு ஒரு அகராதி. அடுப்பில் பால் பொங்கி வழியும், இவள் காகத்துக்கு வினைச்சொல் தேடிக்கொண்டிருப்பாள். எனக்கு எரிச்சல். ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"நாடெல்லாம் சரி. ஆளைக் காணமே? ஒருத்தனாவது நடமாட வேண்டாமா?"

முகம் சுருங்கிப்போயிற்று. ஆனால் மறுநாளே முதல் பக்கத்தை எழுதிவிட்டாள். கடற்கரையில் ஒரு கிழவன். பெயர் கிடையாது. சாயங்காலம் ஆனால் கடலைப் பார்த்தபடி ஒரு விளக்கை ஏற்றுவான், அணைக்க மாட்டான். பக்கத்தில் எவன் வந்தாலும் "போ, போய் வேலையைப் பார்" என்பான். எங்கே பிடித்தாள் இந்த ஆளை என்று எனக்குத் தெரியாது. அந்தக் கதையில் ராஜா இருக்கிறான், மந்திரவாதி இருக்கிறான், பறக்கிற எருமை இருக்கிறது. சனங்களுக்கு என்னவோ அந்தக் கிழவனைத்தான் பிடிக்கிறது. காலையில் ஒரு காலேஜ் பொண்ணு வந்து என்னோடு போட்டோ எடுத்துக்கொண்டது. "விளக்குத் தாத்தா மாதிரியே இருக்கீங்க"ன்னு சொல்லிட்டுப் போகுது. நான் எங்கே விளக்கேற்றினேன்? எங்கள் வீட்டு வாசலில் ஒரு பல்பு. விடிய விடிய எரியும்தான். திருட்டுப் பயம். அவ்வளவுதான்.

நான் வாசிக்க மாட்டேன் என்பதால் அவளே வாசித்துக் காட்டுவாள். நான் பூண்டு உரிப்பேன், அவள் வாசிப்பாள். முதல் அத்தியாயத்திலேயே இருபது முப்பது பேர்.

"இவன் யாரு?"

"முன்னாடியே சொன்னேனே மாமா. வடக்குக் கோட்டைத் தளபதி."

"அப்போ அவன்?"

"அவன் தெற்குக் கோட்டை."

"ரெண்டு கோட்டை எதுக்கு? பூண்டு உரிக்கிற எனக்கே பிடிபடலை, பஸ்ஸுல நின்னுக்கிட்டு வாசிக்கிறவனுக்குப் பிடிபடுமா?"

அன்றைக்கே உட்கார்ந்து பாதிப் பேரைத் தீர்த்துக் கட்டினாள். சண்டை இல்லை, கொள்ளைநோய் இல்லை. பேனாதான். மூன்று ராணிகள் ஒரு ராணியானார்கள். இது நல்ல காரியம். இதோடு நிறுத்தியிருக்கலாம்.

அப்புறம்தான் பெரிய தப்பைச் செய்தாள். போனில் கதை போடுகிற ஆப் இருக்கிறதாமே, அதில் வாரம் ஒரு அத்தியாயம் போட ஆரம்பித்தாள். போட்ட நிமிஷம் கீழே வந்து விழும்: "அடுத்த பகுதி எப்போ?" "சீக்கிரம் போடுங்க சிஸ்டர்." "நகத்தைக் கடிச்சுட்டு இருக்கோம்." இவர்கள் நகத்தைக் கடிக்கிறார்கள் என்று இவள் அவசர அவசரமாக எழுதுவாள். அடுப்படியில் நின்றுகொண்டு எழுதுவாள். அடுத்த வாரம் என்ன என்று அவளுக்கே தெரியாது.

அப்படி அவசரத்தில் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு சட்டம் போட்டாள். அந்த நாட்டுக் கடலில் மூடுபனி இருக்கிறதே, அதற்கு. "பனியைத் தாண்டியவர் திரும்புவதில்லை. மன்னனுக்கும் விலக்கில்லை, மந்திரத்துக்கும் விலக்கில்லை." கேட்க நன்றாக இருந்தது, அதனால் எழுதினாளாம். அவளே சொன்னாள். சனங்களும் ஆகா ஓகோ என்றார்கள்.

முதல் பாகம் முடிகிற இடம் வந்தது. முடிவு அதிரடியாக இருக்கணும், சனங்கள் ஆடிப்போகணும் என்று, கதாநாயகன் ஆதனைப் படகில் ஏற்றி அந்தப் பனிக்குள்ளேயே அனுப்பிவிட்டாள். நாட்டைக் காப்பாற்றப் போகிறானாம். ஆப்பில் ஒரே அழுகை. மதுரைப் பதிப்பகத்துக்காரர் போன் செய்தார். புத்தகம் அச்சாகி வந்தது. கேக் வெட்டினோம்.

கேக் தீர்ந்த பிறகு உட்கார்ந்து யோசித்திருக்கிறாள். மூன்று பாகம் என்று அறிவித்தாயிற்று. மூன்றுக்கும் ஆதன்தான் கதாநாயகன். அவன் பனிக்குள் போயாயிற்று. போனவன் வர முடியாது என்று சட்டமும் அச்சிலே இருக்கிறது. உள்ளே ஆளை அனுப்பிவிட்டு வெளியே பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட்டவளை நான் அப்போதுதான் பார்த்தேன்.

இரண்டாம் பாகத்தை எப்படியோ எழுதினாள். எழுதினாள் என்றா சொல்வது? காட்டுக்குள் அங்கேயும் இங்கேயும் ஆள்களை அலையவிட்டாள். எருமை பறந்தது. மறுபடியும் பறந்தது. சனங்கள் திட்டினார்கள். "இழுவை" என்று ஒருவர், "முதல் பாகத்தோடு நிறுத்தியிருக்கலாம்" என்று ஒருவர். இவள் போனை வைத்துக்கொண்டு ராச்சாப்பாடு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"போனைக் கொடு இங்கே" என்றேன்.

"இல்ல மாமா. ஒருத்தர் சொல்லுறது சரிதான். எல்லாரும் ஆதனுக்காகக் காத்துக்கிட்டு நிக்காங்க. கதையும் அங்கேயே நிக்குது. நகர மாட்டேங்குது."

"அப்போ அவனைக் கொண்டு வந்துரு."

"எப்படி மாமா? சட்டம் இருக்குல்லா."

"யார் போட்ட சட்டம்?"

"நான்தான்."

"போட்டவளே எடுத்துரு. எவன் கேக்கப் போறான்?"

"எடுத்தா முதல் பாகம் பொய்யாயிரும்."

"மொத்தமும் பொய்தானே? எருமை பறக்குது!"

அதற்குச் சிரித்தாள். ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தாள். "ஆமா மாமா. எல்லாம் பொய். அதனாலதான் அந்த ஒண்ணாவது நெசமா இருக்கணும்."

படித்த பிள்ளை இப்படிப் பேசினால் என்ன செய்வது? நான் விடவில்லை. தினமும் ஒரு வழி சொன்னேன். வேறு கப்பல்காரன் தூக்கிப் போயிருப்பான். ஏதோ ஒரு தீவில் ஒதுங்கியிருப்பான். தலையில் அடிபட்டுப் பெயர் மறந்திருக்கும். வேறு தேசத்து ஜெயிலில் இருப்பான், பாஷை தெரியாமல் முழிப்பான். இதெல்லாம் நடக்காததா? எத்தனை பேர் வந்திருக்கிறார்கள்! எங்கள் தெருவிலேயே ஒருத்தன், செத்துப்போனான் என்று பெண்டாட்டி தாலியைக் கழற்றின பிறகு வந்து நின்றான்.

"ஆதனுக்கா மாமா சொல்லுதீங்க?" என்று கேட்டாள்.

"பின்னே யாருக்கு?"

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். நான் உரித்துக்கொண்டிருந்த பூண்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இதற்கு நடுவில் எங்கள் சர்ச் பாதிரியார் வேறு. வீட்டுக்கு வந்தார். காபி குடித்தார். செல்வினுக்கு ஒரு நினைவு ஆராதனை வைத்துவிடலாமே என்கிறார். போய் ஐந்து வருஷம் ஆகிவிட்டதாம். அந்தத் தோணியில் போன மற்ற வீட்டுக்காரர்கள் எல்லாம் வைத்துவிட்டார்களாம். அவர்கள் அவசரப்பட்டால் நானும் அவசரப்படணுமா? அந்தத் தோணியில் ஒரு பலகையாவது கிடைத்ததா? கிடைக்கவில்லை. ஒரு பலகைகூட இல்லாமல் எதை வைத்து ஆராதனை? எழுந்து போய்விட்டேன், காபி டம்ளரைக்கூட எடுக்கவில்லை.

பெனிட்டா அடுப்படி வாசலில் நின்று அவரிடம் சொன்னது காதில் விழுந்தது. "மூணாம் பாகம் முடியட்டும் ஐயா. அதுக்கப்புறம் சொல்லுதேன்."

என்னை ஏன் அப்படிப் பார்க்கறீங்க? தண்ணி குடிக்கறீங்களா? நான் கதையைத்தான் சொல்லுதேன்.

அதற்குப் பிறகு எனக்கு மூன்றாம் பாகத்தில் ஒரு அக்கறை வந்துவிட்டது. அது முடியாமலே கிடக்கட்டும். முடிந்தால் ஒழுங்காக முடியட்டும். வேறொன்றும் நான் கேட்கவில்லை. ஆனால் இவளோ மளமளவென்று எழுதுகிறாள். முன்னே மாதிரி ஆப்பில் போடவில்லை. யார் நகத்தைக் கடித்தாலும் கடிக்கட்டும் என்று முழுதாக எழுதி, கிழித்து, மறுபடி எழுதி. காகத்தின் பாஷையை மொத்தமாக எடுத்துவிட்டாள். அகராதியைப் பழைய பேப்பரோடு போட்டாள். எருமை நடந்தே போனது.

கடைசி அத்தியாயத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசித்துக் காட்டினாள். சண்டை ஓய்ந்துவிட்டது. நாடு நன்றாக இருக்கிறது. எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கரையில் கிழவன் மட்டும் நிற்கிறான். "விளக்கு எரிந்தது. பனி விலகவில்லை." அவ்வளவுதான். தாளைக் கீழே வைத்தாள்.

"அப்புறம்?" என்றேன்.

"அவ்வளவுதான் மாமா."

செருப்பைப் போட்டுக்கொண்டு பீச்சுப் பக்கம் போய்விட்டேன்.

மறுநாள் மாரிச்செல்வம் கடையில் கொடுத்துவிட்டாள். அவன் எங்கள் ஊரில் டிடிபி கடை வைத்திருக்கிறான். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் அடிப்பான். மூன்று பாகத்துக்கும் கம்ப்யூட்டரில் எழுத்தடித்துப் பக்கம் கட்டினது அவன்தான். பக்கம் கட்டி முடித்து மதுரைக்கு அனுப்பப்போகிற அன்றைக்கு நான் அங்கே போனேன்.

"மாரிச்செல்வம், கடைசிப் பக்கத்தை எடு."

"என்ன பெரியவரே, பிழையா?"

"பிழைதான். ஒரு வரி விட்டுப்போச்சு. அடிச்சுக்கோ. 'ஆதன் வந்தான்.'"

கம்ப்யூட்டரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அக்காட்ட கேட்டீங்களா?"

"நானும் அவளும் ஒரே வீட்டுலதான் இருக்கோம். அடிலே."

அடித்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். "விளக்கு எரிந்தது. பனி விலகவில்லை. ஆதன் வந்தான்." எழுத்து நல்ல கறுப்பாக இருந்தது. வெளியே வந்து டீ சொன்னேன். அன்றைக்கு டீ நன்றாக இருந்தது.

அந்தப் பயல் போன் போட்டுவிட்டான். நான் இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருக்கும்போது ஸ்கூட்டி வந்து நின்றது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனாள். பின்னாலேயே போனேன். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போட்டிருக்கலாம். எனக்குச் சண்டை போடத் தெரியும்.

போடவில்லை. ஸ்கிரீனைப் பார்த்தாள். ஹெல்மெட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். மாரிச்செல்வத்தை எழுப்பிவிட்டு அவன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சரி மாமா. ஆதன் வந்துட்டான். அடுத்த வரி என்ன?"

"அடுத்த வரி என்ன? முற்றும்னு போடு."

"அப்படிப் போட முடியாது. இத்தனை வருஷம் கழிச்சு வாரான். கரையில கிழவர் நிக்காரு. என்ன நடக்கும்? நீங்க சொல்லுங்க, நான் அடிக்கேன்."

"கிழவன் கேப்பான்."

"என்ன கேப்பாரு?"

"சாப்பிட்டியான்னு கேப்பான். வேற என்னத்தைக் கேப்பான்?"

அடித்தாள். "சாப்பிட்டியா?" ஸ்கிரீனில் வந்துவிட்டது.

"ம். அதுக்கு அவன் என்ன சொன்னான்?"

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சாப்பிட்டேன் என்பான், இல்லை என்பான். இரண்டில் ஒன்று. சொல்ல வாயைத் திறந்தேன். அவன் முகம் இப்போது எப்படி இருக்கும்? ஆதன் முகத்தைச் சொல்லுதேன். தாடி வைத்திருப்பானா, மெலிந்திருப்பானா, முன்தலை வழுக்கை விழுந்திருக்குமா? எங்கள் வம்சத்தில் சீக்கிரம் விழும். முகம்கூடப் பரவாயில்லை. குரல். கிரேன் உச்சியில் உட்கார்ந்துகொண்டு, கீழே கத்துகிறவர்களில் எவன் குரல் எது என்று பிரித்துச் சொன்னவன் நான். "சாப்பிட்டேம்ப்பா" என்று ஒரே ஒரு வார்த்தை. அது எந்தக் குரலில் என்று எனக்குக் கேட்கவில்லை. காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். கேட்கவில்லை.

மாரிச்செல்வம் கடையில் ஃபேன் சத்தம் வேறு.

அவள் அவசரப்படுத்தவில்லை. கையை கீபோர்டிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு ஆள் கல்யாணப் பத்திரிகைக்கு மாதிரி பார்க்க வந்தான். மாரிச்செல்வம் அவனை வெளியே கூட்டிப் போய்விட்டான்.

"மாமா" என்றாள். என்னைப் பார்க்கவில்லை, ஸ்கிரீனைப் பார்த்துத்தான் சொன்னாள். "எழுதினா வருவாருன்னா, நான் மொத நாளே எழுதியிருக்க மாட்டேனா?"

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"அழிச்சுரு" என்றேன்.

"எதை மாமா?"

"வந்தான்னு போட்டதை."

ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். மொத்தமாக அழிக்கலாமாம், மாரிச்செல்வம் அப்புறம் சொன்னான். இவள் ஒவ்வொன்றாகத்தான் அழித்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கதை எழுதுவது என் தொழில் இல்லை, அடுத்த வரி எனக்கு வரவில்லை, அதனால் அழிக்கச் சொன்னேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஆனால் அவள் அந்த இன்னொரு வரியை அழிக்கவில்லை. கையில் வைத்திருக்கிறீங்களே, கடைசிப் பக்கத்தைத் திருப்புங்க. என்ன போட்டிருக்கு? விளக்கு எரிந்தது. பனி விலகவில்லை. கிழவன் பனியைப் பார்த்துக் கேட்டான்: "சாப்பிட்டியா?" அதோடு முடிகிறது. இதற்குத்தான் எல்லாரும் அழுகிறீங்க. பேப்பரில் ஒருத்தர் அந்த வரியைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறார், அதில் என்னென்னவோ அர்த்தம் இருக்கிறதாம். ஒரு அர்த்தமும் இல்லை. அது நான் டிடிபி கடையில் நின்றுகொண்டு சொன்னது. நன்றி என்று ஒரு பக்கம் போட்டிருக்கிறாள், மாரிச்செல்வம் பெயர்கூட இருக்கிறது. என் பெயர் இல்லை. முன்னால் தனிப் பக்கத்தில் "விளக்கை அணைக்காதவருக்கு" என்று ஒரு வரி இருக்கிறது. அது யாருக்கோ. நான் கேட்கவில்லை.

இப்போது மேடையில் கூப்பிட்டுப் பேசச் சொல்கிறார்கள், பேசுகிறாள். புதுசாக எழுத வருகிற பிள்ளைகளுக்குப் புத்தி சொல்கிறாள். நாட்டை உண்டாக்குறதுக்கு முன்னாடி ஆளை உண்டாக்குங்க. முடிவு தெரியாம முதல் பாகத்தை அச்சுக்குக் குடுக்காதீங்க. சட்டம் போட்டா, உங்களுக்கு வலிச்சாலும் அதை உடைக்காதீங்க. கைதட்டுகிறார்கள். இதைத் தெரிந்துகொள்ள மூன்று புத்தகமும் ஆறு வருஷமும் வேண்டுமா? என்னைக் கேட்டிருந்தால்... சரி, எனக்கும் தெரியாது.

அடுத்த மாதம் சர்ச்சில் ஆராதனை வைத்திருக்கிறோம். பாதிரியார் விடுகிற மாதிரி இல்லை. சும்மா ஜெபம்தானே, நடக்கட்டும் என்றேன். மற்ற தோணிக்காரர் வீட்டு ஆள்களும் வருகிறார்கள். பிரியாணி சொல்லியிருக்கிறது. வாசல் பல்பா? எரிகிறது. அது வேற விஷயம்.

எழுந்திருங்க, வரிசை நகருது. இல்லை, இல்லை, முதலில் என்னை விடுங்க. கையெழுத்துக்கு இல்லை. இந்த டிபன் பாக்ஸைக் கொண்டுபோய் அவளிடம் கொடுக்கணும். எலுமிச்சைச் சோறு, காலையில் நானே கிளறினது. மத்தியானம் தாண்டியாச்சு, இன்னும் பேனாவைக் கீழே வைக்கவில்லை பாருங்க.

காலையிலிருந்து இத்தனை பேர் வந்தீங்க. ஆதன் ஏன் வரலைன்னு எல்லாரும் கேட்டீங்க. அவ சாப்பிட்டாளான்னு ஒருத்தராவது கேட்டீங்களா? நகருங்க.